குணத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

மதுரையில் பொறியியல் முடித்து வேலை தேடும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு, ஆங்கிலம், கோடிங் என்று ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்தால் இன்னொன்று காத்திருக்கும். திரையில் வரிசையாக வாக்கியங்கள்: ‘புதியவர்களோடு எளிதில் பழகுவேன்’, ‘எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்’, ‘சின்ன விஷயத்துக்கும் பதறிவிடுவேன்’. முழுக்கச் சரி என்பதில் தொடங்கி அறவே இல்லை என்பதுவரை ஐந்து கட்டங்கள்; ஒன்றைத் தொட வேண்டும். இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சில நாள் கழித்துச் சிலருக்கு அழைப்பு வரும், சிலருக்கு வராது. தவறான விடையே இல்லாத தேர்வில் தோற்றது எப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை எளிமையானது. ஒருவரின் ஆளுமையை அளந்துவிடலாம்; அளந்துவிட்டால் வேலையிலும் வாழ்விலும் அவர் எங்கே போய்ச் சேருவார் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். கம்பெனிகள் இதை நம்புகின்றன. கம்பெனிகள் நம்புவதால் கல்லூரிகள் நம்புகின்றன. கல்லூரிகள் நம்புவதால் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அறிவியல் என்ற பெயர் மேலே ஒட்டியிருப்பதால், எதிர்த்துப் பேசுகிறவன் பழம்பஞ்சாங்கம் ஆகிவிடுகிறான். இருக்கட்டும். இதில் பஞ்சாங்கம் எது, அறிவியல் எது என்று பார்த்துவிடுவோம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். “இந்த ஊரில் வேலை எப்படிக் கிடைத்துக்கொண்டிருந்தது சார்? சிபாரிசு, சாதி, மாமன் மச்சான். கம்ப்யூட்டருக்கு யாருடைய மாமனையும் தெரியாது. அதனால் இதுதான் நியாயம்” என்பார்கள். முதல் பாதி உண்மை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிபாரிசை விட்டால் ஆளுமைத் தேர்வு, அதை விட்டால் சிபாரிசு, உலகத்தில் வேறு வழியே இல்லை என்பதுபோலப் பேசுகிறார்களே, அங்கேதான் பிசகு.

கணக்கைப் பார்ப்போம். ஆளுமையை ஆராய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் ஐந்து பண்புகளைக் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் வேலைத் திறனோடு நிலையான தொடர்புள்ளதாகத் தெரியவந்தது பொறுப்புணர்வு ஒன்றுதான். 1991-இல் பேரிக், மவுண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து இதைச் சொன்னார்கள். 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டின் குழு மறுகணக்குப் போட்டபோது அந்தத் தொடர்பின் அளவு 0.19. முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. அப்படியானால் 0.19-க்கு என்ன பொருள்? பொறுப்புணர்வில் சராசரிக்கு மேல் மதிப்பெண் வாங்கிய 100 பேரை எடுத்தால், ஏறத்தாழ 56 பேர் வேலையிலும் சராசரிக்கு மேல் நிற்பார்கள். 44 பேர் நிற்கமாட்டார்கள். காசைச் சுண்டிப் போட்டு எடுத்திருந்தாலே 50 பேர் தேறியிருப்பார்கள்.

ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் கம்பெனிக்கு நூற்றுக்கு ஆறு பேர் கூடுதலாகக் கிடைப்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் தெரியும் இந்த மெல்லிய சாய்வைத் தூக்கித் தனி ஒருத்தியின் தலையில் தீர்ப்பாக இறக்குகிறார்களே, அதை எந்தக் கணக்கும் அனுமதிக்காது. சராசரிக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவர்களிலும் 100-க்கு 44 பேர் வேலையில் சராசரிக்கு மேல் வருவார்கள். கதவடைக்கப்பட்ட அந்தப் பெண் அந்த 44 பேரில் ஒருத்தியா இல்லையா என்று அவளுடைய அறிக்கையைத் தயாரித்தவருக்கே தெரியாது. அவளுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலோ இந்தத் தயக்கத்தின் சுவடே இருக்காது.

சிபாரிசுக்கு மாற்று எது என்பதற்கும் அதே 2022 கணக்கில் விடை இருக்கிறது. குறிப்பிட்ட வேலைக்குத் தேவையானதை ஒட்டிக் கேள்விகளை முன்பே எழுதிவைத்து, எல்லோரிடமும் அதையே கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.42. வேலையில் ஒரு துண்டைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.33. இரண்டிலும் மாமனுக்கு இடமில்லை. இரண்டுக்கும் விஷயம் தெரிந்த ஒரு ஆள் நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும், செலவாகும், அவ்வளவுதான். ஆளுமைத் தேர்வின் பெரிய கவர்ச்சி அதன் துல்லியம் என்று சொல்வார்கள்; என்னைக் கேட்டால், ஒரே இரவில் 3000 பேரைக் கழித்துக்கட்ட முடிகிற அதன் மலிவுதான்.

இவ்வளவும் ஆய்வாளர்கள் மதிக்கும் அளவுகோலுக்கு. கல்லூரிப் பயிலரங்குகளில் அதிகம் ஓடுவது அதுகூட இல்லை. நான்கு ஆங்கில எழுத்துகளில் மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் பட்டியல். அதை உருவாக்கிய கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் இருவரும் தாயும் மகளும். உளவியல் பயிற்சி இருவருக்கும் கிடையாது. உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலை ஆர்வத்தோடு படித்து, வீட்டில் வைத்து வளர்த்தெடுத்தார்கள். மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். உளவியல் படிக்காதவர்கள் செய்தது என்பதற்காகக் குறை சொல்லவில்லை. இதை ஆளெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் பட்டியலை விற்பவர்களே அறிவுறுத்துகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. விற்பவர் வேண்டாம் என்கிறார், வாங்கியவர் கேட்பதாயில்லை.

“ஆனால் எனக்கு வந்த அறிக்கை அப்படியே என்னைப் பற்றிப் பேசியது” என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் செய்ததைச் சொல்ல வேண்டும். தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. நம்மூரில் ராசிபலன் படிக்கிற யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. ஆளுமை அறிக்கை வாங்கியவருக்குத்தான் ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்து, இந்தத் தேர்வு எதை அளக்கிறது? ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறாள் என்பதை. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்ற நிலையில் உட்கார்ந்து சொல்வதை. என்ன சொன்னால் பிடிக்கும் என்று ஊகிக்கத் தெரிந்தவர் ஜெயிப்பார். அமெரிக்காவில் வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர் 1956-இல் எழுதிய நூலின் பின்னிணைப்பாக, இத்தேர்வுகளை ஏமாற்றுவது எப்படி என்று பாடமே எடுத்துவிட்டார். இன்று யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. நகரத்துப் பள்ளியில் படித்து, கோச்சிங் போய், அண்ணன் ஒருவன் ஏற்கெனவே பெங்களூரில் வேலை பார்க்கும் பையனுக்கு ‘குழுவோடு வேலை செய்யப் பிடிக்கும்’ என்பதில் எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்று தெரியும். சேடபட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்குத் தெரியாது. அவள் உண்மையைச் சொல்லுவாள். ‘முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசுவேன்’ என்ற வரிக்கு இல்லை என்பாள். தெரியாத ஆளிடம் பல்லைக் காட்டாதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு போகிற பெண்ணுக்கு அது தற்காப்பும்கூட. அறிக்கை அவளை ‘உள்ளொடுங்கியவர்’ என்று எழுதும். கிராமத்தில் மகளிர் குழுக் கணக்கை எழுதி, வங்கி மேலாளரிடம் வாதாடிக் கடன் வாங்கிக் கொடுத்தவள் அவளாகவே இருக்கலாம். அது அறிக்கையில் வராது. அந்தக் கேள்வியே அதில் இல்லை.

இது என் கற்பனைக் கவலை இல்லை. வளரும் நாடுகள் 23-இல் எடுத்த கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. வீட்டுக்கே போய் நேரில் கேட்டபோது, இந்த ஐந்து பண்புக் கேள்விகள் தாம் அளப்பதாகச் சொல்வதைப் பெரும்பாலும் அளக்கவில்லை என்பது அதன் முடிவு. கேள்விகள் பிறந்த நாட்டில், பள்ளிப் படிப்பு முடித்தவர்களிடம் ஒழுங்காக வரும் விடைகள் வேறு மண்ணில் குழம்பிப் போயின. நிறமும் சாதியும் தெரியாத கணினி என்கிறார்களே, அந்தக் கணினிக்குள் இருக்கும் கேள்விக்கு ஒரு ஊரும் ஒரு வர்க்கமும் உண்டு.

இனி விரலுக்கு வருகிறேன். மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் விட முடியாது.

பள்ளிப் பிள்ளைகளின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு பலம், எந்த வகை அறிவு கூடுதல், டாக்டராவதா டான்ஸராவதா என்று தடிமனான அறிக்கை தரும் வியாபாரம் சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு நகரங்களில் நடக்கிறது. டி.எம்.ஐ.டி. என்பது அதன் சுருக்கப் பெயர். பல அறிக்கைகளில் பிள்ளை கழுகா, மயிலா, புறாவா, ஆந்தையா என்றும் போட்டிருக்கும். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஹார்வர்டு பேராசிரியர் ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பல்வகை அறிவுக் கோட்பாடு. ரேகை பார்க்கும் தேர்வுகளைத் தாம் ஏற்கவில்லை என்று கார்ட்னரே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் சொல்லிவிட்டது. வியாபாரம் நிற்கவில்லை.

ரேகைக்கும் குணத்துக்கும் தொடர்பு தேடிய முதல் ஆள் இவர்களில்லை. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடித் தோற்றவர். மனிதரின் குணத்தை அளக்கலாம் என்று 1884-இல் கட்டுரை எழுதி, அகராதியைப் புரட்டிக் குணங்களைக் குறிக்கும் சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் என்று கணக்கிட்டவர் அவர்தான். இன்றைய ஐந்து பண்பு அளவுகோலின் வேர் அங்கே இருக்கிறது. விரல் ரேகையை அடையாளம் காணும் முறையாக ஒழுங்குபடுத்தி 1892-இல் நூல் எழுதியவரும் அவரே. பிறப்பிலேயே உயர்ந்தவர், தாழ்ந்தவர் உண்டு, உயர்ந்தவர்கள் பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் ரேகையில் இனமும் குணமும் தெரியும் என்று ஆசையோடு தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று அந்த நூலிலேயே ஒப்புக்கொண்டார். 1892-இல் முடிந்துபோன கதையைத்தான் இங்கே பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

குணத்தை முன்கூட்டியே தீர்மானித்து விரல் ரேகையைப் பதிவு செய்யும் காரியம் இந்தச் சமவெளிக்குப் புதிதில்லை. 1871-இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நாகமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் தொடங்கி, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் அது இறங்கியது. மக்கள் அதை அழைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. குற்றம் செய்தாயா என்று அது கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தாய் என்று கேட்டது. விடை தெரிந்ததும் எதிர்காலமும் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து இம்மக்களுக்காக வழக்காடினார். ரோசாப்பூ துரை என்று அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

கம்பெனித் தேர்வையும் துப்பாக்கிச் சூட்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். வைக்கவில்லை. ஒன்றில் உயிர் போனது, மற்றதில் ஒரு வேலை போகிறது. ஆனால் இரண்டிலும் ஓடும் நினைப்பு ஒன்றே: செயலுக்கு முன்பே தீர்ப்பு. அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்கும் அதே கிராமங்களே சாட்சி. சட்டத்தோடு கூடவே அரசு நடத்தத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்குகின்றன. பரம்பரையாகவே குற்றவாளிகள் என்று அரசாங்க ஏட்டில் எழுதப்பட்ட வீடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், காவல்துறைக்கே ஆட்கள் போனார்கள். அவர்கள் ரேகை மாறிவிடவில்லை. பள்ளிக்கூடம் வந்தது.

மதுரையில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். கோவிந்தப்ப வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது மூட்டுவாதம் தாக்கி, நீண்ட காலம் படுக்கையில் கிடந்து, விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே சிரமப்பட்டவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டு கண் அறுவை செய்யப் பழகினார். லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1948 வாக்கில் அவரை உட்காரவைத்து எந்தத் தேர்வு வைத்திருந்தாலும், நுண்ணிய கைவேலை இவருக்கு ஆகாது என்றுதான் வந்திருக்கும். 58 வயதில் வைத்திருந்தால், புதிதாகத் தொழில் தொடங்கும் ஆள் இவரில்லை என்று வந்திருக்கும்.

ஒரு மேதையைக் காட்டி எல்லோருக்குமாக வாதாடுவது சரியில்லை என்பீர்கள். சரி, மேதையை விடுங்கள். அந்த மருத்துவமனையின் அன்றாட வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பெண்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது எல்லாம் அவர்கள் கையில். இரண்டு ஆண்டுகள் வேலையோடு வேலையாகப் பயிற்சி தருகிறார்கள். ஆளெடுக்கும்போது அங்கேயும் மனப்பாங்கைப் பார்க்கிறார்கள்தான். எதிர்த்தரப்பு இதைத் தங்கள் பக்கச் சாட்சியாகக் கூப்பிடக்கூடும். ஆனால் நேரில் பேசிப் பார்த்துவிட்டு அதன்பின் இரண்டு ஆண்டுகள் கற்றுக்கொடுப்பதற்கும், ஐந்து கட்டத்தில் ஒன்றைத் தொடச் சொல்லிவிட்டு வெளியே அனுப்புவதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்லை. அங்கே ஒரு பெண் நன்றாக வேலை செய்கிறாள் என்றால், அதில் அவள் குணத்துக்கு ஒரு பங்கு; பயிற்சிக்கும், பக்கத்தில் நின்று சொல்லித்தரும் மூத்தவளுக்கும், வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கும் ஒழுங்குக்கும் பெரும்பங்கு.

இந்தப் பெரும்பங்கைத்தான் ஆளுமைத் தேர்வு மறைக்கிறது. ஆட்கள் ஆறு மாதத்தில் ஓடிப்போகிறார்கள் என்றால் சம்பளத்தைப் பார்க்க வேண்டும், இரவு ஷிப்ட் முடிந்து வீடு போக வண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேலாளர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக ‘விடாமுயற்சி குறைந்தவர்களை எடுத்துவிட்டோம், அடுத்தமுறை இன்னும் நல்ல டெஸ்ட் வாங்குவோம்’ என்று முடிவு கட்டுவது வசதி. குறை எப்போதும் வந்தவனின் குணத்தில். வைத்திருப்பவனின் இடத்தில் ஒருபோதும் இல்லை. ஒரே ஆள் இடத்துக்கு இடம் வேறாக நடந்துகொள்வதையும், குணத்தை வைத்துச் செயலைக் கணிப்பது எவ்வளவு பலவீனமானது என்பதையும் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968-இலேயே எடுத்துக் காட்டினார். அதன்பிறகு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டார்கள். விற்பனையாளர்கள் காதில் மட்டும் அந்தச் சத்தம் விழவில்லை.

ராணுவமே உளவியல் தேர்வு வைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கிறது. அதிகாரித் தேர்வுக்குப் போனவர்களைக் கேளுங்கள்: ஐந்து நாள் கூடவே தங்கவைத்து, திறந்தவெளியில் குழுவாகத் தடை தாண்டச் சொல்லி, சிக்கலான வேலையைக் கொடுத்துத் திட்டமிடச் சொல்லி, நேர்முகமும் நடத்தி, பல கண்கள் பார்த்தபிறகே முடிவு. எழுத்துத் தேர்வு அதில் ஒரு பகுதி. ஆளைச் செய்யவிட்டுப் பார்க்கிறார்கள்.

செய்யவிட்டுப் பார்ப்பது நமக்குப் புதிய யோசனை ஒன்றுமில்லை. தெரிந்துதெளிதல் என்று தனி அதிகாரமே வைத்த வள்ளுவர், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாகச் சொன்னது அவரவர் செயலை. தெற்காவணி மூலவீதிக் கடையில் நகையை உரசிப் பார்ப்பார்கள். ‘நீ எத்தனை மாற்று?’ என்று நகையிடமே கேட்டு எழுதிக்கொள்ளமாட்டார்கள்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். பெற்றோர்களே, பள்ளியில் கூட்டம் போட்டு விரல் ரேகைக் கருவியோடு யாராவது வந்தால் பிள்ளையின் கையைக் கொடுக்காதீர்கள். அனுமதித்த தலைமையாசிரியரிடம் காரணம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவினருக்கு: வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு கம்பெனியிடமும், இந்தத் தேர்வு எதை அளக்கிறது, அது இந்த வேலைக்குத் தேவை என்பதற்கு என்ன ஆதாரம், மாணவருக்கு அவருடைய அறிக்கையைக் காட்டுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தனி மாணவர் கேட்டால் அவர் பெயர் கெட்டுப்போகும். கல்லூரி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.